வினையிலிருந்து பிறக்கும் பெயர்: ஜெர்மன் மொழி காட்டும் வழி



இன்றைய உரையில் ஜெர்மன் மொழியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஒரு மொழி முழுவதையும் ஓர் உரையில் அடக்க இயலாது. ஆகவே அந்த மொழியின் இலக்கணத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக மாற்றும் முறையே அது.

“பால்மரம் சீவி, செம்பனைக் குலை வெட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு ஜெர்மன் இலக்கணம் எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, பிறர் மொழியைப் பார்க்கும்போதுதான் நம் மொழியின் அமைப்பு நமக்கு நன்றாக விளங்குகிறது. இரண்டாவது, உழைக்கும் குடும்பத்தின் கைக்கு வந்து சேரும் முக்கியமான தாள்களில், அதாவது வேலைநீக்கக் கடிதம், மருத்துவமனைச் சீட்டு, குடிநுழைவு அலுவலக முடிவு ஆகியவற்றில், தலைப்பாக நிற்கும் சொற்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைச் சரியாகப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் ஏமாறமாட்டார். ஜெர்மனிக்குப் பிழைக்கப் போன இத்தாலியரும் துருக்கியரும், 1983க்குப் பின் அடைக்கலம் தேடிப் போன இலங்கைத் தமிழரும் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டியே வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

நம் தமிழில் உள்ளது

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து புறப்படுவோம். “அண்ணன் மரம் சீவுகிறார்” என்கிறோம். இதில் ‘சீவுகிறார்’ என்பது வினைச்சொல். செய்பவர் யார், எந்தக் காலத்தில் செய்கிறார் என்ற இரண்டையும் அது காட்டிவிடுகிறது. “மரம் சீவுதல் நுணுக்கமான வேலை” என்று சொல்லும்போதோ, ‘சீவுதல்’ என்ற சொல்லில் ஆளும் இல்லை, காலமும் இல்லை. தொழிலின் பெயர் மட்டுமே நிற்கிறது. இதைத் தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

தமிழில் தொழிற்பெயர் மூன்று வகையில் அமையும். விகுதி சேர்ந்து வருவது ஒன்று: நடத்தல், படிப்பு, வாழ்க்கை, வருகை. விகுதி எதுவும் சேராமல் வினையின் அடிச்சொல்லே பெயராக நிற்பது இரண்டாவது. “ஓர் அடி அடித்தான்” என்பதில் உள்ள ‘அடி’ அத்தகையது. இதற்கு முதனிலைத் தொழிற்பெயர் என்று பெயர். அடிச்சொல்லின் உள்ளே ஒலி மாறிப் பெயராவது மூன்றாவது. கெடு என்பது கேடு ஆகும். பெறு என்பது பேறு ஆகும். சுடு என்பது சூடு ஆகும். இது முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஜெர்மன் மொழியிலும் இதே மூன்று வழிகள் இருக்கின்றன. தமிழும் ஜெர்மனும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. ஆயினும் மனிதர்களின் தேவை ஒன்றாக இருப்பதால் வழிகளும் ஒத்திருக்கின்றன.

முதல் வழி: வினையை அப்படியே பெயராக்குதல்

ஜெர்மன் அகராதியில் வினைச்சொற்கள் பெரும்பாலும் ‘அன்’ போன்ற ஓர் ஒலியில் முடிந்திருக்கும். ‘லேஸன்’ என்றால் படிக்க, வாசிக்க. ‘ஷ்ரைபன்’ என்றால் எழுத. ‘எஸ்ஸன்’ என்றால் உண்ண. ‘அர்பைட்டன்’ என்றால் வேலை செய்ய. இவற்றைப் பெயராக்குவதற்கு ஒரு விகுதியும் தேடவேண்டியதில்லை. முன்னால் ‘டாஸ்’ என்ற சிறு சொல்லைச் சேர்த்தால் போதும். ‘டாஸ் லேஸன்’ என்றால் வாசித்தல். ‘டாஸ் ஷ்ரைபன்’ என்றால் எழுதுதல்.

‘டாஸ்’ என்பது என்ன? ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்று ஏதேனும் ஒரு பால் உண்டு. ஆண்பாலுக்கு ‘டேர்’, பெண்பாலுக்கு ‘டீ’, மூன்றாவதற்கு ‘டாஸ்’ என்ற சொற்கள் முன்னால் வரும். நம் தமிழில் மனிதருக்கே ஆண், பெண் என்ற பிரிவு. மேசையும் நாற்காலியும் அஃறிணைதான். ஜெர்மன் மொழியிலோ மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் மூன்றாம் பால். எதற்கு எந்தப் பால் என்று ஒவ்வொன்றாக நெட்டுருப் போடவேண்டும். கற்பவருக்குப் பெரிய தொல்லை இதுதான். ஆனால் வினையிலிருந்து பிறந்த பெயர்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முதல் வழியில் வந்த பெயர்கள் யாவும் ‘டாஸ்’ என்ற பாலையே பெறும். விலக்கே இல்லை.

எழுத்தில் இன்னோர் அடையாளமும் உண்டு. ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் அனைத்தையும் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஆட்பெயர், ஊர்ப்பெயர் போன்றவற்றுக்கு மட்டும் செய்வதை அவர்கள் வீடு, மரம், சோறு எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள். ஆகவே ‘லேஸன்’ என்பது சிறிய எழுத்தில் தொடங்கினால் வினை. பெரிய எழுத்தில் தொடங்கினால் பெயர். காதுக்கு ஒரே ஒலி, கண்ணுக்கு வேறுபாடு. அங்கே பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் பிழை விடுகின்ற இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த வழி மிகவும் தாராளமானது. ஒரு தொடர் முழுவதையும் கூட ஒரே பெயராகக் கட்டிவிடலாம். ‘ட்ஸு’ என்றால் மிகையாக, ‘ஷ்பேட்’ என்றால் தாமதமாக, ‘கொம்மன்’ என்றால் வர. மூன்றையும் ஒட்டி, ‘டாஸ் ட்ஸுஷ்பேட்கொம்மன்’ என்று ஒரே சொல்லாக்கினால், காலந்தாழ்ந்து வருதல் என்று பொருள். எதிர்மறைக்கும் இடமுண்டு. தமிழில் செய்யாமை, வாராமை, கல்லாமை என்று சொல்லின் இறுதியில் எதிர்மறையைக் காட்டுகிறோம். ஜெர்மானியர் ‘நிஹ்ட்’ என்ற சொல்லை முன்னால் ஒட்டுவார்கள். ‘டாஸ் நிஹ்ட்விஸ்ஸன்’ என்றால் அறியாமை.

அறிவிப்புப் பலகைகளில் இவ்வகைப் பெயர்களை அதிகம் காணலாம். நம் நாட்டில் ‘டிலாராங் மெரோக்கோக்’ என்ற பலகையைப் பார்க்காதவர் இல்லை. அதே பலகை ஜெர்மனியில் ‘ரௌஹன் ஃபெர்போட்டன்’ என்று இருக்கும். புகைத்தல் தடை செய்யப்பட்டது என்பதே பொருள். ‘பெட்ரேட்டன் ஃபெர்போட்டன்’ என்றால் உள்ளே நுழைதல் தடை. கட்டுமானம் நடக்கும் இடங்களில் இந்தப் பலகை தொங்கும். ‘ஃபெர்போட்டன்’ என்ற ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் நிற்கும் தொழிற்பெயரையும் தெரிந்துகொண்டால், எதைச் செய்யக்கூடாது என்று எந்தத் தொழிலாளிக்கும் விளங்கிவிடும். உயிரைக் காக்கும் இலக்கணம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். ‘டாஸ் எஸ்ஸன்’ என்பதற்கு உண்ணுதல் என்று ஒரு பொருள். உணவு என்று இன்னொரு பொருள். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? “பொரியல் வை, துவையல் வை” என்கிறோம். பொரித்தல், துவைத்தல் என்ற தொழில்களின் பெயர்கள் அந்தத் தொழிலால் கிடைத்த பண்டத்தைக் குறிக்கின்றன. தொழிலாகுபெயர் என்று நம் இலக்கணம் இதைச் சொல்கிறது. அதே போல ‘டாஸ் ஷ்ரைபன்’ என்பது எழுதுதலையும் குறிக்கும், ஓர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தையும் குறிக்கும். ‘டாஸ் லேபன்’ என்பது வாழ்தல். அதுவே வாழ்க்கை, உயிர் என்றும் பொருள்படும்.

இரண்டாம் வழி: விகுதி சேர்த்தல்

ஜெர்மன் மொழியில் மிகுதியாக வழங்கும் தொழிற்பெயர் விகுதி ‘உங்’ என்பது. வினையின் இறுதியிலுள்ள ‘அன்’ ஒலியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ‘உங்’ சேர்க்கவேண்டும். ‘ப்ரியூஃபன்’ என்றால் சோதிக்க. ‘டீ ப்ரியூஃபுங்’ என்றால் தேர்வு, பரீட்சை. ‘வோனன்’ என்றால் குடியிருக்க. ‘டீ வோனுங்’ என்றால் குடியிருக்கும் வீடு. ‘ரெஹ்னன்’ என்றால் கணக்கிட. ‘டீ ரெஹ்னுங்’ என்றால் கணக்கு, கடைக்காரர் தரும் பணச்சீட்டு. இந்த விகுதி பெற்ற பெயர்கள் யாவும் பெண்பால். ‘டீ’ என்ற சொல்லே முன்னால் வரும்.

இங்கே ஒரு சிறு பொறி உண்டு. ‘ஷ்ப்ரிங்கன்’ என்றால் குதிக்க; ‘ஷ்ப்ருங்’ என்றால் குதிப்பு. இதுவும் ‘உங்’ என்றே முடிகிறது. ஆனால் இது விகுதி அன்று; அடிச்சொல்லின் பகுதி. ஆகவே இது ‘டேர் ஷ்ப்ருங்’ என்று ஆண்பாலாகிவிடுகிறது. சொல்லின் வாலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது, வேரையும் பார்க்கவேண்டும்.

முதல் வழியால் வந்த பெயருக்கும் இரண்டாம் வழியால் வந்த பெயருக்கும் பொருளில் என்ன வேறுபாடு? ‘டாஸ் லேஸன்’ என்பது வாசித்தல் என்ற பொதுவான செயல். அது தொடர்ந்து நடக்கும் ஒன்று, எண்ண முடியாது. ‘டீ லேஸுங்’ என்பது ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி. எழுத்தாளர் ஒருவர் கூட்டத்தில் தம் நூலை வாசித்துக் காட்டுவது ‘லேஸுங்’. நாடாளுமன்றத்தில் ஒரு சட்ட முன்வரைவின் முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு என்பனவும் ‘லேஸுங்’. ஆகவே அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். ‘வாசித்தல்’, ‘வாசிப்பு’ என்ற நம் சொற்களிலும் இந்த வேறுபாட்டின் சாயலைக் காணலாம்.

விகுதிகள் வேறு சிலவும் இருக்கின்றன. ‘ஃபாரன்’ என்றால் வண்டியில் செல்ல. ‘டீ ஃபார்ட்’ என்றால் பயணம். ‘ஹெல்ஃபன்’ என்றால் உதவ; ‘டீ ஹில்ஃப’ என்றால் உதவி. சலிப்பைக் காட்டுவதற்கென்றே ஒரு விகுதி உண்டு. ‘டாஸ் வார்ட்டன்’ என்றால் காத்திருத்தல். அலுவலக வாசலில் மணிக்கணக்காகக் கால் கடுக்க நிற்கும்போது அதையே ‘டீ வார்ட்டரை’ என்பார்கள். “என்ன இது, ஒரே காத்திருப்பாக இருக்கிறதே!” என்ற எரிச்சல் அந்த ‘ரை’ ஒலியிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அதே விகுதி தொழில் நடக்கும் இடத்தையும் காட்டும். ‘ட்ருக்கன்’ என்றால் அச்சடிக்க. ‘டீ ட்ருக்கரை’ என்றால் அச்சகம். இடமறிந்து பொருள் கொள்ளவேண்டும்.

மூன்றாம் வழி: அடிச்சொல்லே பெயராதல்

‘கௌஃபன்’ என்றால் வாங்க. இறுதி ஒலியை எடுத்துவிட்டால் ‘டேர் கௌஃப்’. வாங்குதல், கொள்முதல் என்று பொருள். ‘ஷ்லாஃபன்’ என்றால் உறங்க. ‘டேர் ஷ்லாஃப்’ என்றால் உறக்கம். இவை நம் ‘அடி’யைப் போன்ற முதனிலைத் தொழிற்பெயர்கள்.

உயிரொலி மாறி வருவனவும் உண்டு. ‘கேயன்’ என்றால் நடக்க. ‘டேர் காங்’ என்றால் நடை. ‘ஃப்ளீகன்’ என்றால் பறக்க; ‘டேர் ஃப்ளூக்’ என்றால் பறத்தல், விமானப் பயணம். ‘வெர்ஃபன்’ என்றால் எறிய. ‘டேர் வுர்ஃப்’ என்றால் எறிதல். கெடு, கேடு ஆனதையும், பெறு, பேறு ஆனதையும் நினைத்துக்கொண்டால் இவை நமக்குப் புதியனவாகத் தோன்றா. இவ்வாறு விகுதியில்லாமல் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். இதில் சில விலக்குகள் உண்டு. இந்த வழியில் நாமாகப் புதிய பெயர்களை உண்டாக்கவும் முடியாது. இருப்பவற்றைக் கேட்டுத்தான் கற்கவேண்டும்.

செய்பவரின் பெயர்

இதுவரை செயலின் பெயரைப் பார்த்தோம். செயலைச் செய்பவருக்கும் வினையிலிருந்தே பெயர் கிடைக்கிறது. அதற்குரிய விகுதி ‘அர்’. தமிழில் மரியாதைக்கு ‘அர்’ சேர்க்கிறோம் அல்லவா, அந்த ஒலிக்கு நெருங்கியதுதான். ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. ‘லேரன்’ என்றால் கற்பிக்க. ‘டேர் லேரர்’ என்றால் ஆசிரியர். ‘ஃபாரன்’ என்ற வினையிலிருந்து ‘டேர் ஃபாரர்’, அதாவது ஓட்டுநர். ‘அர்பைட்டன்’ என்ற வினையிலிருந்து ‘டேர் அர்பைட்டர்’, அதாவது தொழிலாளி. பெண்ணாக இருந்தால் ‘இன்’ என்று ஒன்று சேரும்: ஆசிரியை ‘டீ லேரரின்’, தொழிலாளப் பெண் ‘டீ அர்பைட்டரின்’. மனிதர் மட்டுமல்ல, கருவியும் இந்த விகுதியைப் பெறும். ‘வெக்கன்’ என்றால் எழுப்ப. ‘டேர் வெக்கர்’ என்றால் விடியற்காலையில் நம்மை எழுப்பும் அலாரக் கடிகாரம்.

இந்த விகுதியால் பிறந்த இரண்டு சொற்களை நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். ‘கேபன்’ என்றால் கொடுக்க. ‘நேமன்’ என்றால் எடுக்க, பெற. ‘அர்பைட்’ என்றால் வேலை. முதலாளிக்கு ஜெர்மன் மொழியில் ‘அர்பைட்கேபர்’ என்று பெயர், வேலை கொடுப்பவர். தொழிலாளிக்கு ‘அர்பைட்நேமர்’ என்று பெயர், வேலை எடுப்பவர். சட்டப் புத்தகத்திலும் இன்றுவரை இந்தச் சொற்களே உள்ளன.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் தவறொன்றும் தெரியாது. ஆனால் 1883ஆம் ஆண்டில் பிரெடரிக் எங்கெல்ஸ், மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலின் மூன்றாம் ஜெர்மன் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் இந்த வழக்கைக் கண்டித்தார். கூலியைக் கொடுத்துப் பிறருடைய உழைப்பைப் பெற்றுக்கொள்பவரைக் ‘கொடுப்பவர்’ என்றும், தம் உழைப்பைக் கொடுப்பவரை ‘எடுப்பவர்’ என்றும் அழைப்பது தலைகீழானது என்பது அவர் வாதம். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் ஒரு பெயர்ச்சொல்லுக்குள் மறைந்து கிடக்கும் வினையை வெளியே எடுத்து, “கொடுப்பது யார், பெறுவது யார்?” என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்வி நல்ல இலக்கணக் கேள்வி. நாமும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

தாளில் மறையும் ஆள்

இப்போது உரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வினை பெயராகும்போது ஆளும் காலமும் மறைகின்றன என்று தொடக்கத்தில் சொன்னோம். அது சில சமயம் வசதி. சில சமயம் ஆபத்து.

மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடு ஓர் ஒப்பந்தம் செய்து வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவரத் தொடங்கியது. 1960இல் ஸ்பெயின், கிரீஸ் நாடுகளோடும், 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 1973இல் இந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஆள் சேர்ப்பதற்கு ஜெர்மன் மொழியில் ‘அன்வெர்பன்’ என்பார்கள். அதன் தொழிற்பெயர் ‘அன்வெர்புங்’. ஆள் கட்டிக் கொண்டுவந்த கதையைப் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லின் பொருளை விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. சுரங்கத்திலும் மோட்டார்த் தொழிற்சாலையிலும் வேலைக்குச் சேர்ந்த அவர்கள் கைக்கு வந்த தாள்களிலெல்லாம் ‘உங்’ என்று முடியும் சொற்களே நிறைந்திருந்தன.

ஒரு சொல்லை மட்டும் பார்ப்போம். ‘கியுண்டிகன்’ என்றால் வேலை ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அறிவிப்புக் கொடுக்க. அதன் தொழிற்பெயர் ‘டீ கியுண்டிகுங்’. முதலாளி தொழிலாளியை நிறுத்தினாலும் ‘கியுண்டிகுங்’. தொழிலாளி தாமே விலகினாலும் ‘கியுண்டிகுங்’. வினையாகச் சொன்னால், “முதலாளி நிறுத்துகிறார்” அல்லது “நான் விலகுகிறேன்” என்று ஆள் வெளிப்பட்டே தீரவேண்டும். பெயராகச் சொல்லும்போது ஆள் மறைந்துவிடுகிறார். அந்தத் தலைப்பிட்ட தாளில் கையெழுத்துப் போடுபவர், தாம் நிறுத்தப்பட்டதைத் தெரிந்துகொண்டதாகக் கையெழுத்திடுகிறாரா, தாமே விலகுவதாகக் கையெழுத்திடுகிறாரா என்பதைப் படித்து அறியவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையைத் தொடும் வேறுபாடு.

ஜெர்மன் சட்டம் இதில் சில காவல்களை வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் முதல், வேலை ஒப்பந்தத்தை முறிக்கும் அறிவிப்பு எழுத்தில் இருந்தாலொழியச் செல்லாது. வாயால் சொன்னால் செல்லாது. மின்னஞ்சலில் அனுப்பினாலும் செல்லாது. முதலாளி கொடுத்த அறிவிப்பு நியாயமற்றது என்று கருதும் தொழிலாளி, எழுத்துமூல அறிவிப்புக் கைக்குக் கிடைத்த மூன்று வாரத்துக்குள் தொழில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவேண்டும். அந்தச் சொல்லின் பொருள் தெரியாமல் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று வாரம் ஓடிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘எண்ட்லாஸன்’ என்றால் வெளியே விட, நீக்க. ‘டீ எண்ட்லாஸுங்’ என்ற அதன் பெயர் வேலையிலிருந்து நீக்குவதையும் குறிக்கும். நோயாளி குணமாகி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதையும் குறிக்கும். ஒன்று துக்கச் செய்தி, மற்றொன்று நல்ல செய்தி. எங்கிருந்து என்ற இடம் தெரிந்தால்தான் பொருள் தெரியும். “தொழிலாளரின் எண்ட்லாஸுங்” என்று எழுதினால், நீக்கப்பட்டவர் தொழிலாளர். “முதலாளியின் கியுண்டிகுங்” என்று எழுதினால், அறிவிப்புக் கொடுத்தவர் முதலாளி. ‘இன்’ என்ற ஒரே உருபு முதல் தொடரில் செயலுக்கு ஆளானவரையும் இரண்டாவதில் செய்தவரையும் காட்டுகிறது. ஜெர்மன் மொழியிலும் ஆறாம் வேற்றுமைக்கு இதே குழப்பம் உண்டு. அதைத் தவிர்க்க ‘டுர்ஹ்’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘இன்னாரால்’ என்று தெளிவாக எழுதலாம். எழுதாமலும் விடலாம். எழுதாமல் விட்ட இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியது படிப்பவரின் கடமை.

அடைக்கலம் தேடிப்போன இலங்கைத் தமிழர் முதலில் அறிந்துகொண்ட ஜெர்மன் சொற்களும் இந்த வகையினவே. ‘அன்ஹோரன்’ என்றால் ஒருவர் சொல்வதைக் கேட்க. ‘டீ அன்ஹோருங்’ என்றால் அதிகாரி அவர் கதையைக் கேட்கும் விசாரணை. ‘டீ அனெர்கென்னுங்’ என்றால் அகதியாக ஏற்றுக்கொள்ளுதல். ‘டீ அப்லேனுங்’ என்றால் மறுத்தல். ‘ஷீபன்’ என்றால் தள்ள. ‘அப்’ என்றால் அப்பால். ‘டீ அப்ஷீபுங்’ என்றால் நாடு கடத்தல். இவற்றுக்கிடையே ‘டுல்டுங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘டுல்டன்’ என்றால் பொறுத்துக்கொள்ள. அந்தத் தாளைப் பெற்றவருக்குத் தங்கும் உரிமை கிடைத்துவிட்டதாகப் பொருள் இல்லை. நாடு கடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றே பொருள். வேரைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுகிறது: இருப்பதை ஏற்கவில்லை, பொறுத்துக்கொள்கிறார்கள். பெயருக்குள் இருக்கும் வினையை அறிந்தவர், அந்தத் தாளை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் அறிவார்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

இவ்வளவையும் கேட்டபின், நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். அலுவலகத் தமிழிலும் ஆள் மறைகிறார். “விசாரணை மேற்கொள்ளப்பட்டது, பணிநீக்கம் செய்யப்படும்” என்று ஓர் அறிவிப்பு வருகிறது. விசாரித்தவர் யார்? யாரை விசாரித்தார்? யாரை நீக்குவது யார்? “மேலாளர் இன்னாரை விசாரித்தார்” என்று வினையாகச் சொல்லியிருந்தால் மூன்று கேள்விக்கும் பதில் இருந்திருக்கும். தொழிற்பெயரும் ‘பட்டது’ என்ற முடிவும் சேர்ந்து ஆட்களை அழித்துவிட்டன. ஜெர்மன் ஆசிரியர்களும் நடைநூல் எழுதுவோரும் ‘பெயர்ச்சொல் நடை’ என்று சொல்லி மாணவர்களை எச்சரிப்பது இதைத்தான். ‘எண்ட்ஷைடன்’, தீர்மானிக்க, என்ற ஒரே வினை இருக்க, தீர்மானம் என்ற பெயரை எடுத்து, அதற்கு வேறொரு வினையைத் துணை சேர்த்து எழுதுவது அலுவலக வழக்கமாகிவிட்டது. நீளம் கூடுகிறது; தெளிவு குறைகிறது.

தொழிற்பெயரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாமல் சட்டம் எழுத முடியாது, அறிவியல் எழுத முடியாது. கல்வி, வாழ்க்கை, உறக்கம், உழைப்பு என்ற சொற்களே நமக்கு இருந்திரா. அதைப் படிக்கும்போது வினையாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பதே நம் கருத்து. முக்கியமான தாள் ஒன்று வீட்டுக்கு வந்தால், அது எந்த மொழியில் இருந்தாலும், அதன் தலைப்புச் சொல்லை எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். இதற்குள் இருக்கும் வினை எது? அதைச் செய்வது யார்? யாருக்குச் செய்வது? எந்த நாளில்? நான்கிற்கும் விடை கிடைக்கும்வரை கையெழுத்திட வேண்டாம். விடை தாளில் இல்லையென்றால், தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு சிறு பயிற்சி. அப்பாவும் அம்மாவும் ஒரு நாளில் செய்யும் பத்துச் செயல்களை வினையாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தொழிற்பெயராக மாற்றுங்கள். எது விகுதி பெற்று வருகிறது, எது அடிச்சொல்லாகவே நிற்கிறது, எது உள்ளே திரிந்து வருகிறது என்று பிரியுங்கள். ஜெர்மன் படிக்கும் வாய்ப்பு நாளை உங்களில் யாருக்கேனும் கிடைத்தால், ‘டாஸ்’, ‘உங்’, ‘அர்’ என்ற மூன்றும் உங்களுக்கு அந்நியமாக இரா.

ஜெர்மானியர் சிலர் நம் மொழியை இப்படித்தான் வேர் பிடித்துக் கற்றார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. கார்ல் கிரௌல் திருக்குறளை மொழிபெயர்த்து 1856இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அவர்கள் நம் சொல்லின் வேரைத் தேடி வந்தார்கள். நாமும் பிறர் சொல்லின் வேரைத் தேடிப் பார்ப்பதில் பெருமையும் உண்டு, பயனும் உண்டு.